கஞ்சமலை இரும்பு போன வழி

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்தால், ஓடைப் படுகைகளில் கறுப்பாக ஒரு மணல் ஒதுங்கிக் கிடக்கும். காந்தத்தை நீட்டினால் கொத்தாக வந்து ஒட்டிக்கொள்ளும். மலைப்பாறையில் வெள்ளைப் படிகக்கல்லும் காந்த இரும்புத்தாதுவும் வரிவரியாக அடுக்கியிருக்கின்றன. பாறையை அப்படியே எடுத்தால் அதில் இரும்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறும். வெயிலும் மழையும் பாறையைப் பொடித்துவிட, ஓடும் தண்ணீர் எடை குறைந்த வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போய்விடும். எடை கூடிய கருமணல் பின்தங்கி நிற்கும். சுற்றுவட்டாரத்தில் இரும்பு உருக்கியவர்கள் அந்த மணலை அள்ளி, இன்னொரு முறை நீரில் அலசி, உலைக்குக் கொண்டுபோனார்கள். சேலம் இரும்பின் பயணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இரும்பைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. உலகமே வியந்த எஃகு நம்முடையது என்ற பெருமை ஒன்று. பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரர் தொடங்கிய ஆலை நொடித்துப்போன கதை இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே சொல்லிப் பழகிவிட்டோம். சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்று புலப்படும். கஞ்சமலையிலிருந்து வெளியே போன உலோகம் கொஞ்சம். அதோடு சேர்ந்து போன தொழில் அறிவு அதைவிடப் பல மடங்கு. அந்த அறிவுக்கு எவரும் நமக்கு விலை கொடுக்கவில்லை.

முதலில் உலையைப் பார்ப்போம். களிமண்ணால் ஆனது, ஆள் உயரம்கூட இல்லை. இரண்டு பேர் சில மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள். அடியில் அகன்று மேலே குறுகியிருக்கும். ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, அவற்றின் வாயில் மூங்கில் குழாய். ஒன்று ஊதி முடிவதற்குள் அடுத்தது ஊதத் தொடங்கும். காற்று விட்டுவிட்டு வரக்கூடாது. மேலிருந்து கரியும் கருமணலும் மாறி மாறிக் கொட்டப்படும். மூன்று, நான்கு மணி நேரம் போனதும் உலையின் முன்பக்கத்தை உடைத்து, செக்கச்சிவந்த பாளத்தைக் குறடால் இழுத்துப் போட்டுச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடிக்க அடிக்கச் சிட்டம் பிதுங்கி வெளியேறும். இரும்பு உள்ளே முழுதாக உருகியிருக்காது, இளகிக் கூடியிருக்கும். தாதுவில் இருந்த இரும்பில் பெரும்பகுதி சிட்டத்தோடு போய்விடும். ஆனால் கிடைத்தது மிகத் தூய்மையான இரும்பு. கரியில் கந்தகம் இல்லை. அந்தத் தாதுவிலும் கெடுதல் செய்யும் கலப்புகள் குறைவு.

வியப்புக்கு உரியது அதற்கு அடுத்த கட்டம். அந்த இரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, களிமண்ணில் உமி கலந்து செய்த மூசைக்குள் அடுக்குவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை. மேலே எருக்கிலையோ வேறு கொடியின் இலையோ ஒன்றிரண்டு, பச்சையாக. பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துக் காயவைப்பார்கள். இருபது, இருபத்துநான்கு மூசைகளைச் சின்ன உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் அடியில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டி. மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடுகள் பரவியிருந்தால் உலோகம் முழுதாக உருகியிருக்கிறது என்று பொருள், அதுதான் எஃகு. கோடு சரியில்லை என்றால் அது ஒதுக்கப்படும்.

கட்டையும் இலையும் சடங்குக்காக வைக்கப்பட்டவை அல்ல. மூடிய மூசைக்குள் ஆவாரங்கட்டை கரியாகி இரும்புக்குள் ஏறுகிறது. பச்சிலையிலிருந்து எழும் வாயுவும் கரியைச் சுமந்துகொண்டு இரும்புக்குள் புகுகிறது. இரும்பு கரியை ஏற்கும்போது அது உருகுவதற்குத் தேவையான வெப்பம் குறைகிறது; அதனால்தான் ஆட்டுத்தோல் துருத்தியின் காற்றிலேயே எஃகு உருகிவிட்டது. ஐரோப்பாவில் எஃகை இப்படி முழுதாக உருக்கி வார்க்கும் வித்தை 18ஆம் நூற்றாண்டில்தான் கைகூடியது. இங்கே நொய்யல் கரையில் கொடுமணலில் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வாழ்விடத்தில் இரும்பு, எஃகு உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

இந்த மாதிரிக் கட்டிகள் தக்காணத்தின் பல ஊர்களில் உருவாயின. 1790களில் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் சிலவற்றை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அங்கே அதை 'ஊட்ஸ்' என்றார்கள். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி அந்தச் சபையில் ஆய்வுரை வாசித்தார். லண்டனில் அறுவைச் சிகிச்சைக் கத்தி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் இந்த எஃகை ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் மேலாகக் கருதினார். தன் தொழில் அட்டையிலேயே அதை அச்சிட்டிருந்தார்.

அவரோடு சேர்ந்து இந்தக் கட்டியை ஆராய இறங்கியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்காக நாம் அறிந்த அதே ஃபாரடேதான்; இரும்புக் கொல்லரின் மகன். 1819-ல் கட்டியைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்குக் காரணம் அலுமினா முதலியவை கலந்திருப்பது என்று முடிவு செய்தார். அந்த முடிவு தவறு. உண்மைக் காரணம் அதிலிருந்த கரியின் அளவும் அது ஆறிய விதமும். ஆனால் அந்தத் தவறு பலன் தந்தது. வேறு உலோகங்களை எஃகில் சேர்த்து ஊட்ஸைப் போல ஒன்றைச் செய்ய முடியுமா என்று ஃபாரடேயும் ஸ்டோடர்டும் 1820லும் 1822லும் வெளியிட்ட சோதனைகள்தான் கலப்பு எஃகு ஆராய்ச்சியின் தொடக்கம். அவர்கள் சேர்த்துப் பார்த்தவற்றில் குரோமியமும் ஒன்று. குரோமிய எஃகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது சேலத்துக்குத் திரும்பி வரப் போகிறது.

இதே காலத்தில் சேலம் வட்டாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். பறவைகளைச் சேகரித்து லண்டன் விலங்கியல் கழகத்துக்கு அனுப்பியவர். எதையும் கிட்டப் போய் உற்றுப் பார்க்கும் பழக்கமுள்ளவர். கஞ்சமலை உலைகளையும் அப்படித்தான் பார்த்தார். மேலே நான் சொன்ன மூசை அடுக்கும் முறையில் பல விவரங்கள் அவர் 1839-ல் ராயல் ஆசியாட்டிக் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து நமக்குத் தெரியவருபவை. இங்கிலாந்தில் டேவிட் மஷெட் 1800-லும் சார்லஸ் மேக்கின்டாஷ் 1825-லும் காப்புரிமை பெற்ற இரண்டு தனித்தனி முறைகள் இந்த ஒரே மூசைக்குள் சேர்ந்தே நடக்கின்றன என்று அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக் காட்டினார். கட்டையிலிருந்து கரி என்பது ஒருவரின் முறை, இலையிலிருந்து வாயு என்பது மற்றவரின் முறை. காப்புரிமை யாருக்குக் கிடைத்தது என்பதையும், மூசை அடுக்கியவர்களின் பெயர் அந்தக் கட்டுரை உட்பட எங்கும் இல்லை என்பதையும் நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரிசையில் பெயர் தங்கிய ஒரே ஒருவர் சேலம் அருணாசலம். அவர் பட்டறையில் செய்த வேட்டைக் கத்திகளையும் ஈட்டிகளையும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். அலகில் அவர் பெயரும் ஊர்ப்பெயரும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பழம்பொருள் சேகரிப்பவர்களிடையே இன்றும் அந்தக் கத்திகளுக்கு நல்ல மதிப்பு.

ஹீத் கட்டுரையோடு நிற்கவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பெரிய அளவில் இரும்பு உருக்க அரசிடம் தனி உரிமையும் கடனும் வாங்கி, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். வெள்ளாறு கடலில் கலக்கும் துறைமுக ஊர் அது. போர்த்துகீசியர் காலத்திலிருந்தே கப்பல் வந்துபோன இடம். ஊதுலைகளும் சம்மட்டி எந்திரங்களும் அங்கே நிறுவப்பட்டன. 1833-ல் உருவான நிறுவனத்தின் பெயரில் எஃகு, இரும்போடு குரோமும் சேர்ந்திருந்தது. சேலத்துக்கு அருகே வெள்ளைக்கல் பூமியில் கிடைத்த குரோமியத் தாதுவுக்கும் சீமையில் விலை இருந்தது. மேற்கே மலபாரில் பேப்பூரிலும் இன்னோர் ஆலை எழுந்தது.

ஆனால் தாது இருந்தது கஞ்சமலையில், ஆலை இருந்தது கடற்கரையில். நேர்க்கோட்டில் அளந்தாலே 170 கிலோமீட்டருக்கு மேல். ரயில் வராத காலம். தாதுவைக் காவிரிக்குக் கொண்டுபோய்ப் பரிசலில் ஏற்றினார்கள். காவிரியில் இறங்கி, கொள்ளிடத்தில் திரும்பி, கொள்ளிடத்தையும் வெள்ளாற்றையும் இணைக்கும் கான்சாகிப் கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. நெல்லும் வைக்கோலும் ஏறிப் பழகிய ஆற்றுவழியில் கறுப்புக் கல் போனது. கஞ்சமலை ஓடையில் தண்ணீர் தானாகத் தரம் பிரித்துக் கொடுத்த மணல், இப்போது ஆறு முழுக்க ஆள் கூலி கொடுத்துக் கடக்க வேண்டிய சரக்காகிவிட்டது.

தாதுவைவிடப் பெரிய சிக்கல் கரி. ஒரு டன் இரும்பு உருக்கச் சில டன் கரி வேண்டும். ஒரு டன் கரிக்கு அதைப்போல நான்கைந்து மடங்கு விறகு வேண்டும். கிராமத்து உலை சிறியது. பக்கத்துக் காட்டில் கிடைத்ததை எரித்தது, மழைக்காலத்தில் அணைந்தது, ஆள்கள் வயல் வேலைக்குப் போனார்கள். அதற்குள் மரமும் தழைத்தது. ஊதுலைக்கு அந்த ஓய்வு கிடையாது. பற்றவைத்தால் இரவு பகல் எரிய வேண்டும். அணைந்தால் உள்ளே இருப்பது இறுகி உலையே வீணாகும். தென்னார்க்காட்டுக் காடுகளில் கரிமூட்டங்கள் பெருகின. பக்கத்து மரம் தீர்ந்ததும் கரி வண்டிகள் மேலும் மேலும் உள்ளே போயின. ஒவ்வொரு மைல் தூரமும் கரியின் விலையில் ஏறியது. இங்கிலாந்தில் அதே காலத்தில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கி, சூடாக்கிய காற்றை உலைக்குள் ஊதி, மலிவாக இரும்பு வார்த்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பரங்கிப்பேட்டை ஆலை தோற்றதற்கு நிர்வாகக் கோளாறு, கடன் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கு முதல் காரணமாகத் தெரிவது கரிதான். காட்டை எரிபொருளாக வைத்துப் பெருந்தொழில் நடத்த முடியாது என்பதை அந்த உலைகள் நம் மண்ணில் காட்டிவிட்டன. அந்தப் பாடத்துக்கு விலையாகப் போன காடுகள் திரும்பி வரவில்லை.

இருந்தாலும் சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. பரங்கிப்பேட்டைத் துறையில் வார்ப்பிரும்புப் பாளங்கள் கப்பலேறி இங்கிலாந்து போயின. ஷெஃபீல்டு எஃகு ஆலைகளுக்குத் தூய கரியுலை இரும்பு தேவைப்பட்டது. அதுவரை ஸ்வீடனிலிருந்து பெரும் விலை கொடுத்து வாங்கிவந்தார்கள். வேல்ஸில் மெனாய் நீரிணைக்குக் குறுக்கே ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய பிரிட்டானியா பாலத்துக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாக நம் பழைய கெசட்டியர்கள் குறிக்கின்றன. சில புத்தகங்கள் பக்கத்திலுள்ள மெனாய் தொங்குபாலத்தையும் சேர்த்துக்கொள்கின்றன, அது பொருந்தாது. தொங்குபாலம் திறந்தது 1826-ல், பரங்கிப்பேட்டையில் உலை பற்றுவதற்கு முன்பே. பிரிட்டானியா பாலம் 1850-ல் திறந்தது. ரயில் வண்டி இரும்புக் குழாய்க்குள்ளேயே புகுந்து கடலைக் கடக்கும் அமைப்பு. 1970-ல் குழாய்க்குள் தீப்பற்றி இரும்பு உருக்குலைந்துபோக, பிறகு வளைவுகள் தாங்கும் பாலமாக அதை மாற்றிக் கட்டினார்கள். பழைய குழாயின் ஒரு துண்டைக் கரையில் நினைவுக்காக வைத்திருக்கிறார்கள்.

ஹீத்தும் ஷெஃபீல்டு போனார். உலோகத்தைவிட அதிக தூரம் போனது அறிவு என்று சொன்னேனே, அது இங்கேதான் நடந்தது. சேலத்து மூசைகளைப் பார்த்துப் பழகிய மனிதர், ஷெஃபீல்டு மூசைகளில் எஃகு உருகும்போது சிறிதளவு மாங்கனீசுக் கரிமச் சேர்மத்தைச் சேர்த்தார். எஃகில் கலந்திருந்த கெடுதிகளை மாங்கனீசு இழுத்துக்கொண்டது. மட்டமான ஆங்கிலேய இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வந்தது. அதை ஒட்டவும் அடிக்கவும் முடிந்தது. 1839-ல் காப்புரிமை வாங்கினார். எஃகின் விலை சரசரவென்று இறங்கியது. ஷெஃபீல்டு கொழித்தது.

ஹீத் கொழிக்கவில்லை. அவரிடம் முகவராக இருந்த அன்வின், அந்தச் சேர்மத்தைத் தனியாகத் தயாரிக்கத் தேவையில்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேரே மூசைக்குள் போட்டால் உள்ளேயே அது உண்டாகிவிடும் என்று செய்து காட்டி, உரிமைப் பணம் தர மறுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851-ல் இறந்துபோனார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே பெஸ்ஸமர் எஃகு செய்யும் தன் புதிய முறையை அறிவித்தார். அந்த எஃகு நொறுங்கியபோது அதைக் காப்பாற்றியதும் மாங்கனீசுதான். சேலத்து உலைக்காரர்களிடம் பார்த்ததற்கு விலை கொடுக்காமல் போனவரின் கண்டுபிடிப்புக்கும் மற்றவர்கள் விலை கொடுக்கவில்லை. ஆனாலும் ஹீத்தின் பெயர் உலோகவியல் வரலாற்றில் இருக்கிறது. அந்த வேறுபாடு பெரியது.

பரங்கிப்பேட்டை ஆலை 1850களில் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதுப்பெயரில் மூச்சுப் பிடித்துப் பார்த்தது. 1860களில் உலைகள் அணைந்தன. 1870களில் கம்பெனியும் கலைந்தது. கிராமத்து உலைகள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் எரிந்தன. ஆனால் துறைமுகத்திலும் ரயிலடியிலும் சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியது. 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காட்டுக்குள் போய்க் கரி சுடுவது குற்றமாகவே ஆயிற்று. கம்பெனி ஆலைக்குத் திறந்துவிட்ட காட்டை, காலங்காலமாக அளவோடு எரித்தவர்களுக்குப் பூட்டினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உருக்குத் தொழில் தெரிந்த குடும்பங்கள், சந்தையில் சீமைக் கம்பியை வாங்கிக் கலப்பைக் கொழுவும் கடப்பாரையும் அடிக்கிற கொல்லர்களாகச் சுருங்கின. மூசை அடுக்கும் கைப்பழக்கம் ஒரு தலைமுறை கைவிட்டதும் அற்றுப்போனது.

தாது மட்டும் மலையிலேயே இருந்தது. 1864-ல் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் நிலவியல் துறைக்காகக் கஞ்சமலை, தீர்த்தமலை, கோதுமலை, கொல்லிமலைப் படிவங்களை வரிசைப்படுத்தி எழுதினார்கள். சுதந்திரத்துக்குப் பின், அந்தத் தாதுவை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு உருக்கலாம் என்று திட்டங்கள் எழுந்தன. 1967 ஜூலை 23-ல் அண்ணாவின் அரசு சேலம் உருக்காலை கேட்டும் சேதுக் கால்வாய் கேட்டும் எழுச்சி நாள் நடத்தியது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. சேலத்துக்காரர்களுக்கு அது 'இரும்பாலை'. பேருந்து நடத்துநரும் அப்படித்தான் கூவுவார்.

அதில் உருண்டு வெளிவருவது எவர்சில்வர் தகடு. இரும்போடு குரோமியம் சேர்ந்த எஃகு. ஃபாரடேயும் ஸ்டோடர்டும் ஊட்ஸைப் பார்த்துத் தேடத் தொடங்கிய பாதையில், 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டடைந்த வகை. வெளியிலிருந்து வரும் உலோகத்தை மெல்லிய தகடாக்கித் தருவதுதான் இந்த ஆலையின் முதல் வேலையாக இருந்தது. உருக்கும் பிரிவு 2010 வாக்கில்தான் வந்தது. அதுவும் கஞ்சமலைத் தாதுவை எடுப்பதில்லை. தெருமுனைப் பாத்திரக் கடையில் 'சேலம் ஸ்டீல்' என்று சொல்லி விற்கும் சம்படமும், நாணயச் சாலைக்குப் போகும் வட்டத் தகடும் அங்கே உருவாகின்றன. எதிரே நிற்கும் மலையின் இரும்பு அவற்றில் இல்லை.

தாதுவை எடுக்கும் பேச்சு ஓய்ந்துவிடவில்லை. திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் சுரங்கத் திட்டம் வந்தபோது சுற்றுக் கிராமத்தார் காட்டையும் நீரையும் முன்வைத்து எதிர்த்தார்கள். பரங்கிப்பேட்டை உலைகளுக்குக் கரி தந்த பழைய தென்னார்க்காட்டுக்காரர்கள் அவர்கள். அவர்கள் எதிர்ப்பை வளர்ச்சிக்கு விரோதம் என்று தள்ளிவிடுபவர்கள் இந்த மாவட்டத்தின் 19ஆம் நூற்றாண்டுக் கரிக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அதே தென்னார்க்காட்டில் மேல்சிறுவளூர் என்ற ஊரில் சிட்டக் குவியல்களும் உடைந்த மூசைகளும் கிடக்கின்றன. 1990களில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அங்கிருந்து எடுத்த சில்லுகளைச் சோதித்தபோது, உட்புறத்தில் கண்ணாடியாக உருகிய பூச்சுக்குள் எஃகுத் துளிகள் சிக்கியிருந்தன. கரி மிகுந்த, நல்ல மூசை எஃகு. கட்டியை எடுத்துவிட்டு உலைக்காரர் வீசியெறிந்த ஓடு அது. சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் இப்படிப்பட்ட சிட்ட மேடுகள் வயல் ஓரங்களில் இன்னும் இருக்கின்றன. பொக்லைன் வந்து மேட்டைச் சமன் செய்தால் ஒரு காலை நேரத்தில் எல்லாம் போய்விடும். ஊர் ஊராகப் போய் அவற்றைக் குறித்து வைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் நாலைந்து மாணவர்களும் ஒரு காந்தத்தோடு நடந்தால் போதும். தொல்லியல் துறை அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டால், இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.